இரண்டாம் சனிக்கிழமை வரலாற்றுக் கூட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் நெருங்கினால் போதும், வாட்ஸ்அப்பில் அதே கேள்விகள் வரிசைகட்டி வர ஆரம்பித்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து விரல் தேய்ந்தது போதும் என்று மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறோம். இதைப் படித்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் கூட்டத்துக்கு வந்து டீ இடைவேளையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில், நீங்கள் யார்?

வடசென்னையின் உள்ளூர் வரலாற்றில் ஆர்வமுள்ள கொஞ்சம் பேர். ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், பெரம்பூர்ப் பக்கம் குடியிருப்பவர்கள். அப்புறம் இங்கே பிறந்து வளர்ந்து ஆவடி, தாம்பரம் என்று வீடு மாறிப் போனாலும் இந்தப் பக்கத்தை விட மனசில்லாதவர்கள். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், துறைமுகத்தில் வேலை பார்த்தவர், பள்ளிக்கூட டீச்சர், ஜெராக்ஸ் கடைக்காரர், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் உண்டு. வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

எங்களிடம் இருக்கும் ஒரே சட்டம் இதுதான்: பேசுகிறவர் எதைச் சொன்னாலும், கேட்கிறவர் கையைத் தூக்கி "எதை வைத்துச் சொல்றீங்க?" என்று கேட்கலாம். பேச்சின் நடுவிலேயே கேட்கலாம். அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். கல்வெட்டு, கோட்டைப் பதிவு, பத்திரம், பழைய பத்திரிகை, பாட்டி சொன்னது என்று எதுவாகவும் இருக்கலாம். பாட்டி சொன்னது என்றால் பாட்டி சொன்னது என்றே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். இதில் யாருக்கும் சலுகை கிடையாது, பேராசிரியர் வந்தாலும்.

எப்போது, எங்கே?

ஆகஸ்ட் முதல் மார்ச் வரை, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. நவம்பரில் மட்டும் கிடையாது. வடகிழக்குப் பருவமழையில் நம் பக்கத்துத் தெருக்கள் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும், முழங்கால் தண்ணீரில் யாரையும் வரச் சொல்லும் தைரியம் எங்களுக்கு இல்லை. ஏப்ரல், மே, ஜூன், ஜூலை வெயிலுக்கு விடுமுறை. இடம் ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை; எந்தப் பள்ளி என்பதை அந்தந்த மாதத்துச் செய்தியில் அனுப்புவோம், ஏனென்றால் தேர்வு, விழா என்று வந்தால் மாற்றிவிடுகிறார்கள். பெஞ்சு சின்னப் பிள்ளைகள் உட்காரும் அளவு. முட்டி வலி உள்ளவர்களுக்கு நாற்காலி எடுத்து வைத்திருப்போம்.

கட்டணம் உண்டா? பதிவு செய்ய வேண்டுமா?

இரண்டும் இல்லை. டீ, போண்டா செலவுக்கு வாசலில் ஒரு டப்பா இருக்கும். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

ஆகஸ்டில்தான் தொடங்குகிறீர்கள், அப்படியென்றால் இது மெட்ராஸ் டே நிகழ்ச்சியா?

தொடர்பு உண்டு, ஆனால் நாங்கள் தனி. ஆகஸ்ட் 22ஐ மெட்ராஸ் நாளாகக் கொண்டாடும் வழக்கம் 2004இல் தொடங்கியது. எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசோசா மூவரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். எந்த அரசு ஆணையும் இல்லாமல், அவரவர் தெருவில் அவரவர் ஒரு நடையோ பேச்சோ கண்காட்சியோ வைத்துக்கொள்ளலாம் என்று விட்டதால்தான் அது ஊன்றியது என்பது எங்கள் எண்ணம். அந்த வாரத்தில் ஊர் முழுக்கக் கூட்டம் நடக்கும், பிறகு செப்டம்பரில் எல்லாம் அடங்கிவிடும். அந்தச் சூடு ஆறுவதற்குள் மார்ச் வரை இழுத்துப் பிடிக்கலாமே என்றுதான் ஆகஸ்டில் தொடங்குகிறோம்.

அந்த ஆகஸ்ட் 22 சரியான தேதிதானா? ஜூலை என்றும் படித்தேனே.

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். இந்தப் பருவத்தின் முதல் பேச்சே இதுதான்.

விஷயம் இது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே என்பவருக்கு, மதராசப்பட்டினத்தில் கோட்டை கட்டிக்கொள்ள அப்போது இந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல வெங்கடப்ப நாயக்கர் தரப்பிலிருந்து கொடுத்த சாசனத்தைத்தான் நகரத்தின் பிறப்புச் சான்றாக எடுத்துக்கொள்கிறோம். அதன் தேதி ஜூலை 22 என்றும் பதிவு இருக்கிறது. ஆனால் டே இங்கே வந்து சேர்ந்ததே ஜூலை 27 என்று கம்பெனிக் கணக்கு சொல்கிறது. ஆள் வருவதற்கு ஐந்து நாள் முன்பே எப்படி சாசனம் கொடுத்திருக்க முடியும்? ஆகவே மாதத்தைப் பிழையாக எழுதியிருக்க வேண்டும், ஆகஸ்டாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார்கள். நியாயமான ஊகம், ஆனால் ஊகம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இங்கிலாந்துக்காரர்கள் 1752 வரை பழைய நாட்காட்டியைத்தான் வைத்திருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் அது இன்றைய கணக்குக்குப் பத்து நாள் பின்தங்கியது. அதன்படி பார்த்தால் அந்த ஆகஸ்ட் 22 நம் காலண்டரில் செப்டம்பர் 1. கேக் வெட்டுவதை மாற்றிவைக்கச் சொல்லி யாரையும் கேட்கப் போவதில்லை. ஒரு தேதிக்குப் பின்னால் எத்தனை கைகள் வேலை செய்திருக்கின்றன என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

1639க்கு முன்னால் இங்கே ஒன்றுமே இல்லையா? மீன் பிடிக்கிற குப்பம்தான் என்கிறார்களே.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எங்களில் திருவொற்றியூர்க்காரர்கள் சட்டைக் கையை மடக்குவார்கள். அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் அது. தியாகராஜர் கோயில் சுவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. யானையின் பின்புறம் போல வளைந்திருக்கும் அந்த விமானத்தைக் கல்லில் எடுத்துக் கட்டியது முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில். பாணினியின் இலக்கணத்தைப் பாடம் சொல்வதற்கென்றே அங்கே ஒரு மண்டபம் இருந்தது, அதற்கு நிலமும் விட்டிருந்தார்கள் என்று கல்வெட்டு சொல்கிறது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, அது கோட்டைக்கு எண்ணூறு ஆண்டுக்கு மேல் மூத்தது. இன்னும் பின்னால் போக வேண்டுமா? 1863 மே மாதம் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆக, கோட்டைக்கு வயது நானூறை நெருங்குகிறது. ஊர்களுக்கு அப்படி ஒரு பிறந்தநாள் கிடையாது. டிசம்பர் பேச்சு முழுவதும் திருவொற்றியூர்க் கல்வெட்டுகள் பற்றித்தான்.

இந்தப் பருவத்தில் வேறு என்னென்ன பேச்சு?

செப்டம்பரில் எம்டன் போர்க்கப்பல்; அதற்குத் தனியாகக் கீழே பதில் எழுதியிருக்கிறோம், தேவைப்படும். அக்டோபரில் கடற்கரை. மெரினாவில் அவ்வளவு மணலும் ராயபுரத்தில் வெறும் கருங்கல் குவியலும் ஏன் என்று நீங்கள் எப்போதாவது யோசித்திருந்தால் அந்தப் பேச்சு உங்களுக்குத்தான். நம் கரையோரம் மணல் வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகம் கட்ட 1875 டிசம்பரில் அடிக்கல் போட்டார்கள், சுவர்கள் கடலுக்குள் நீண்டன, மணல் அங்கேயே தடுக்கப்பட்டுத் தெற்கே குவிந்தது. மெரினா அகலமானது அப்படித்தான். வடக்கே வர வேண்டிய மணல் வராததால் கடல் எங்கள் பக்கத்துக் கரையைத் தின்றது, தெருத் தெருவாக. கல்லைக் கொட்டித் தடுத்தார்கள், அரிப்பு இன்னும் வடக்கே தள்ளிப் போனது. ஒரு பக்கத்து அழகுக்கு இன்னொரு பக்கம் கொடுத்த விலை என்று சொன்னால் கோபப்படாதீர்கள், பழைய வரைபடத்தையும் இன்றையதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டுவோம்.

துறைமுகம் வருவதற்கு முன் கப்பல்கள் தூரத்தில் நின்றுவிடும். ஆளும் சரக்கும் கரைக்கு வந்தது மசூலாப் படகில். ஓர் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, இடுக்கில் நாரை அடைத்திருப்பார்கள், அதனால் அலை அடிக்கும்போது படகு உடையாமல் வளைந்துகொடுக்கும். கவர்னராக வந்தாலும் சரி, குதிரையாக வந்தாலும் சரி, அந்தப் படகோட்டிகளை நம்பித்தான் கரை ஏற வேண்டும். ராயபுரத்தில் இன்றைக்கும் அந்தப் படகோட்டிகளின் வழிவந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் சிலர் அன்று வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பேச்சாளரை விட அவர்கள் பேசுவது சுவையாக இருக்கும் என்று பேச்சாளரே சொல்கிறார்.

ஜனவரியில் பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள், நம் வாயில் பின்னி மில். 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், அதை முன்னின்று நடத்திய பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, பிறகு 1921 வேலைநிறுத்தம். இது கொஞ்சம் சூடான பேச்சாக இருக்கும், ஏனென்றால் அந்த வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்களுக்குள்ளேயே சாதியால் விழுந்த பிளவைப் பேசாமல் அதைப் பேச முடியாது. மில் 1996இல் மூடும் வரை வேலை பார்த்தவர்கள் இன்னும் பக்கத்துத் தெருக்களில்தான் இருக்கிறார்கள், அவர்களிடம் அடையாள அட்டை, சங்கச் சந்தா ரசீது இருந்தால் எடுத்து வரச் சொல்லுங்கள்.

பிப்ரவரியில் ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரிக்காரராகத்தான் எல்லோரும் அவரை அறிவார்கள், பிறந்தது 1709இல் நம் பெரம்பூரில். 1736 முதல் அவர் எழுதிய நாட்குறிப்பில் 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைப் பிடித்த செய்தி புதுச்சேரியில் எப்படி வந்திறங்கியது, யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. இங்கேயும் தேதிக் குழப்பம் காத்திருக்கிறது: கோட்டை விழுந்த நாள் ஆங்கிலேயர் குறிப்பில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரர் குறிப்பில் செப்டம்பர் 21. ஒரே நாள்தான், பழைய நாட்காட்டி அதற்குள் பதினொரு நாள் பின்தங்கியிருந்தது. பிள்ளை பாட்டுக்குத் தமிழ் வருஷம், மாதம் போட்டு எழுதிக்கொண்டு போகிறார். அந்த நாள் அவருக்கு அட்சய வருஷத்துப் புரட்டாசி.

மார்ச்சில் தண்ணீரும் கஞ்சியும். கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க 1772இல் அமைத்த ஏழுகிணறு, 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம், அங்கிருந்து வளர்ந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரி. எங்கள் பாட்டிமார்கள் கடைசி வரை அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொன்னார்கள், சில ஆட்டோக்காரர்களுக்கு இன்னும் அப்படிச் சொன்னால்தான் புரிகிறது.

எம்டன் கப்பலில் செண்பகராமன் பிள்ளை வந்தார் என்பது உண்மையா?

ஒவ்வொரு செப்டம்பரிலும் இந்தக் கேள்விக்காகவே சிலர் வருகிறார்கள், சிலர் சண்டைக்கும் வருகிறார்கள். எனவே விவரமாக.

நடந்தது என்ன என்பதில் குழப்பம் இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில், கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் வந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு எதிரே நின்று பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை நோக்கிச் சுட்டது. தொட்டிகள் பற்றி எரிந்தன. கொஞ்ச நேரம்தான், பிறகு கப்பல் போய்விட்டது. ஆனால் ஊர் பயந்துபோய் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடியது. உயர் நீதிமன்ற மதிலில் அதன் நினைவாக ஒரு கல் பதித்திருக்கிறார்கள். அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோக்கோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை முடித்தது.

செண்பகராமன் பிள்ளை திருவனந்தபுரத்தில் பிறந்து ஐரோப்பா போய், போர்க்காலத்தில் அங்கிருந்து இந்திய விடுதலைக்கு வேலை செய்தவர். அதில் எந்தச் சந்தேகமும் இல்லை, அவர் பெரிய ஆள். ஆனால் எம்டன் சென்னைக்கு முன்னால் நின்ற அந்த வாரங்களில் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தில் இந்திய ஆதரவுக் குழுவை அமைக்கும் வேலையில் இருந்தார், அங்கிருந்துதான் பெர்லின் போனார். எம்டனோ போர் தொடங்கும்போதே சீனக் கடற்கரையில் இருந்த கப்பல், அங்கிருந்து பசிபிக் வழியாக இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. சூரிச்சில் இருப்பவர் அதில் எப்படி ஏறுவார்? "கப்பலின் இரண்டாவது அதிகாரியே அவர்தான்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டாவது அதிகாரி ஹெல்முத் ஃபான் மூக்கே, அவர் தீவில் இறங்கிப் பழைய பாய்மரக் கப்பல் ஒன்றில் தப்பி அரேபியா வழியாக ஊர் போய்ச் சேர்ந்த கதை தனியாகவே ஒரு பேச்சுக்குத் தாங்கும்.

இதைச் சொன்னால் ஒரு தியாகியைக் குறைத்துப் பேசுகிறோம் என்று வருத்தப்படுகிறார்கள். செய்யாததைச் சேர்த்தால்தான் அவர் பெரியவர் ஆவார் என்று நினைப்பதுதான் அவரைக் குறைப்பது. கையில் ஆதாரம் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் செப்டம்பர் கூட்டத்தில் இருபது நிமிடம் தருகிறோம், எழுத்தில் தருகிறோம்.

நானும் பேசலாமா? எனக்குப் பட்டம் எதுவும் இல்லை.

பேசலாம். ஏதாவது ஒரு தெரு, ஒரு கட்டடம், ஒரு தொழில், ஒரு குடும்பம் என்று சின்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். "தமிழர் நாகரிகம் பத்தாயிரம் ஆண்டு" என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறோம். "எங்கள் தெருவில் இருந்த உப்பு மண்டி" என்று வருகிறவர்களுக்கு உடனே தேதி கொடுக்கிறோம். நாற்பது நிமிடப் பேச்சு, இருபது நிமிடக் கேள்வி. ஒரு மாதத்துக்கு முன்னால் எங்களில் இருவரிடம் பேசிக் காட்ட வேண்டும். பயமுறுத்த இல்லை, நடுவில் யாராவது கையைத் தூக்கும்போது நீங்கள் தடுமாறக் கூடாது என்பதற்காக.

எங்கள் சமுதாயம்தான் இந்தப் பகுதியை ஆண்டது, அதைப் பேச மேடை தருவீர்களா?

ஆண்ட பரம்பரைப் பேச்சுக்கு ஊரில் மேடைக்குப் பஞ்சமா என்ன? இங்கே வேண்டாம். உங்கள் சமுதாயம் என்ன வேலை பார்த்தது, எங்கே குடியிருந்தது, யாரிடம் கூலி வாங்கியது, எந்தச் சண்டையில் தோற்றது, அது பற்றிப் பேச வாருங்கள், விரிப்பை விரித்து வைத்துக் காத்திருக்கிறோம். வண்ணாரப்பேட்டையில் கம்பெனித் துணியை வெளுத்தவர்கள், சிந்தாதிரிப்பேட்டையில் 1730களில் குடியேற்றப்பட்ட நெசவாளிகள், ஆர்மீனியன் தெருவில் 1772இல் கோயில் கட்டிய ஆர்மீனிய வணிகர்கள், ராயபுரத்தில் 1910இல் அக்னிக் கோயில் கட்டிய பார்சிகள், எல்லோரும் சேர்ந்துதான் இந்தப் பகுதி. இவர்களில் பலர் எதையும் ஆளவில்லை.

வீட்டில் பழைய பத்திரம், போட்டோ இருக்கிறது. என்ன செய்வது?

முதல் வேலை: லேமினேட் செய்யாதீர்கள். ரெண்டாவதும் அதேதான். பத்திரமாக இருக்கும் என்று நினைத்துச் செய்கிறார்கள், அந்தச் சூட்டில் மை மங்கி, தாள் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு, பிறகு யாராலும் பிரிக்க முடியாது. செல்லோ டேப், ஸ்டேப்ளர் பின், குண்டூசி எதுவும் வேண்டாம், நம் கடற்கரைக் காற்றில் பின் துருப்பிடித்துத் தாளையே ஓட்டை போட்டுவிடும். மடிப்பை மெதுவாகப் பிரித்து, சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, தரையிலிருந்து உயரமாக வையுங்கள். பரணில் வேண்டாம், அங்கே வெக்கை. கட்டிலுக்கு அடியில் வேண்டாம், அங்கே மழைத்தண்ணீர்.

கூட்டத்துக்குக் கொண்டு வந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு அப்போதே கையில் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அசலை நாங்கள் வாங்கி வைத்துக்கொள்வதே இல்லை. தாய்ப்பத்திரமாக இருந்தால் இன்றைய சொத்து விவகாரம் எதையும் கேட்க மாட்டோம், பெயரை மறைத்துப் படம் எடுக்கச் சொன்னால் அப்படியே செய்வோம்.

பழைய கிரயப் பத்திரத்தில் மற்றவர்கள் விலையைப் பார்ப்பார்கள், நாங்கள் நேராக நான்கெல்லைக்குப் போவோம். வடக்கே இன்னார் வீடு, தெற்கே சந்து, கிழக்கே உப்பு மண்டி, மேற்கே பாட்டை என்று எழுதியிருப்பார்கள் அல்லவா? அந்த நாலு வரியில் ஒரு தெரு இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பத்திரங்கள் நாலைந்து கிடைத்தால் அந்தத் தெருவில் யார் யார் இருந்தார்கள், எந்தக் கடை எங்கே இருந்தது, எந்தக் குளம் எப்போது காணாமல் போனது என்று ஒட்டிப் பார்த்துவிடலாம். எந்த அரசுப் பதிவிலும் இது இப்படிக் கோவையாகக் கிடைக்காது. சாட்சிக் கையெழுத்துகளையும் பாருங்கள்: தமிழ், தெலுங்கு, கீறல், கைநாட்டு என்று ஒரே தாளில் வரிசையாக இருக்கும்.

போட்டோ என்றால் பின்பக்கம் பென்சிலால், பேனாவால் அல்ல, யார் எந்த வருஷம் என்று எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள்.

கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொடுப்பீர்களா?

டிசம்பர் பேச்சுக்கு மறுநாள் ஞாயிறு காலை ஓர் அறிமுக வகுப்பு உண்டு. நீங்கள் நினைப்பதை விட எளிது, நினைப்பதை விட மெதுவாக நடக்கும். சோழர் காலத்து எழுத்தில் பாதி இன்றைய எழுத்தை ஒத்திருக்கும். புள்ளி வைத்திருக்க மாட்டார்கள், எகர ஏகாரம் ஒன்றுபோல இருக்கும், துணைக்காலும் ரகரமும் ஒன்றேதான், நடுவே கிரந்த எழுத்து கலந்து வரும். அதனால் ஒரு வரிக்கு நாலு விதமாக வாசிப்பு வரும், எது பொருந்துகிறது என்று பார்த்துப் பார்த்துப் போக வேண்டும்.

தொடக்கத்தை அடையாளம் கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. "ஸ்வஸ்தி ஸ்ரீ"க்குப் பிறகு "திருமகள் போல" என்று வந்தால் முதலாம் ராஜராஜன், "திருமன்னி வளர" என்றால் ராஜேந்திரன், "புகழ்மாது விளங்க" என்றால் முதலாம் குலோத்துங்கன். அந்த மூன்றை மட்டும் மனப்பாடம் செய்து வந்துவிட்ட ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி போன முறை பெரியவர்களை முந்திக்கொண்டு கையைத் தூக்கினாள்.

மைப்படி எடுப்பதையும், அதாவது கல்வெட்டைத் தாளில் நகல் எடுப்பதையும், ஒரு சாதாரணக் கல்லில் செய்து காட்டுவோம். கல்லைக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, அரை ஈரத்தில் மை ஒற்ற வேண்டும். பள்ளத்தில் மை படாது, எழுத்து வெள்ளையாக எழுந்து வரும். அந்த நொடியில் எல்லோர் வாயிலிருந்தும் ஒரு "ஆ" வரும். கோயில் சுவரில் இதை நீங்களாகச் செய்யக் கூடாது, தொல்லியல் துறை அனுமதி வேண்டும். எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸ், எண்ணெய், விபூதி பூசுவதும் கூடாது. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலே நிழல் விழுந்து எழுத்து தெரியும், செல்போன் டார்ச் போதும்.

நடைப்பயணம் உண்டா?

ஜனவரி, பிப்ரவரியில் இரண்டு. ஒன்று பாரிமுனை சுற்றி: இந்தியர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரத்தை ஆங்கிலேயர் இடித்துவிட்டுக் கோட்டைக்கு எதிரே வெட்டவெளி விட்ட கதை, அதன் எல்லைக்கு 1773இல் நட்ட தூண்களில் மிஞ்சி நிற்கும் ஒன்று, மதிலின் மிச்சம் இருக்கும் மாடிப்பூங்கா, கடைசியில் ராயபுரம் ரயில் நிலையம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரைக்கும் போனது. இன்னொன்று பழவேற்காடு, டச்சுக்காரர் கல்லறைகள். வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருப்பார்கள், பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கிறது.

காலை ஆறரைக்குக் கிளம்பி ஒன்பதரைக்குள் முடித்துவிடுவோம். தொப்பி, தண்ணீர் கொண்டு வாருங்கள். ஒரு வேண்டுகோள்: மீனவர் தெருக்களில் கேமராவை நீட்டிக்கொண்டு நடக்காதீர்கள். கருவாடு காயப்போடுகிறவர் வேடிக்கைப் பொருள் அல்ல, கேட்டால் பேசுவார், கேட்காமல் எடுத்தால் திட்டுவார், அவர் திட்டினால் நாங்கள் அவர் பக்கம்.

பேச்சுகளை யூடியூபில் போடுகிறீர்களா?

ஒலிப்பதிவு மட்டும் செய்கிறோம், பேசியவர் சம்மதித்தால் குழுவில் அனுப்புவோம். வீடியோ எடுத்தால் வயதானவர்கள் சட்டென்று மேடைத் தமிழுக்கு மாறிவிடுகிறார்கள், சுவையான பகுதியெல்லாம் போய்விடுகிறது.

நானாகப் படிக்க எங்கே தொடங்க வேண்டும்?

எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கோட்டைப் பதிவுகள் அங்கேதான். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பழைய தமிழ் நூல், பத்திரிகை, நோட்டீஸ் என்று எதற்கும் முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள். எழும்பூரிலேயே கன்னிமாரா நூலகம். வீட்டிலிருந்தே என்றால் தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகம், காசு கிடையாது. கல்வெட்டுக்குத் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள், 1890 முதல் வந்துகொண்டிருக்கின்றன, உங்கள் ஊர்க் கோயில் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று தேடுவதே ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமை. அதற்கெல்லாம் முன்னால் உங்கள் தெருவில் மூத்தவர் யாரோ அவரிடம் போய் உட்காருங்கள். காப்பகம் அடுத்த வருஷமும் இருக்கும்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

தாராளமாக. கூச்சல் போட்டால் பின்வாசல் வழியாக மைதானம் இருக்கிறது.

வண்டி நிறுத்த இடம்?

பைக்குக்கு உண்டு, காருக்கு இல்லை. மின்சார ரயிலிலோ மெட்ரோவிலோ வந்துவிடுங்கள். ராயபுரம் நிலையத்தில் இறங்குகிறவர்கள் சீக்கிரம் வந்தால் அந்தப் பழைய கட்டடத்தின் தூண்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வரலாம், கூட்டம் எப்படியும் ஐந்தேகாலுக்குத்தான் தொடங்கும்.